பார்த்த படத்துக்கு எதற்கு டிக்கெட்? ‘கில்லி’ மறுவெளியீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. மறுநாள் சனிக்கிழமை ‘கில்லி’ மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. 2004 ஏப்ரல் 17இல் வெளியாகி 200 நாள் ஓடிய விஜய் படம். அதற்குப் பிறகு பண்டிகை, ஞாயிறு, கோடை விடுமுறை என்று சன் டிவியில் அது ஓடாத நாள் எது என்று கேட்கலாம். பாட்டும் சண்டையும் யூடியூபில் கிடைக்கின்றன. ‘கில்லி’யைப் பார்க்காத தமிழ் இளைஞர் ஒருவரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

அந்தப் படத்துக்குத்தான் முன்பதிவு திறந்ததும் இருக்கைகள் மளமளவென்று தீர்ந்தன. காட்சிகளைக் கூட்டினார்கள், அவையும் நிரம்பின. வசூல் 20 கோடி ரூபாயைத் தாண்டியது என்று திரைவணிக வட்டாரம் பேசிக்கொண்டது. நம் ஊர் வசூல் கணக்குகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. பாதியைத் தள்ளிவிட்டே பார்த்தாலும், இருபது வயதான ஒரு படத்துக்கு அது அபாரமான தொகை.

தியேட்டருக்கு ஏன் போகிறோம் என்ற கேள்வியை ஆராய இதைவிட வசதியான நிகழ்வு அமையாது. ஒரு புதுப்படத்துக்குக் கூட்டம் வந்தால் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கதை தெரியாத ஆவல், யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம், விமர்சனம், விளம்பரம், இன்னும் நாலு வாரம் ஓடிடிக்கு வராதே என்ற அவசரம் எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் கிளப்பும். ‘கில்லி’ விஷயத்தில் இவை ஒன்றுமே இல்லை. நாயகி தனலட்சுமியை நாயகன் வேலு காப்பாற்றிவிடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த நிமிடத்தில் எப்படிக் காப்பாற்றுவான் என்பதும் தெரியும். அப்படியானால் டிக்கெட் காசு எதற்குப் போனது?

அந்த ஏப்ரலின் நிலவரம்

2024இன் முதல் மூன்று நான்கு மாதங்கள் தமிழ்நாட்டுத் தியேட்டர்காரர்களுக்குச் சோதனையான காலம். பொங்கலுக்கு வந்த ‘கேப்டன் மில்லர்’, ‘அயலான்’ இரண்டுக்கும் பிறகு கூட்டத்தை இழுக்கும் பெரிய தமிழ்ப் படம் இல்லை. தேர்தல் நேரம், ஐபிஎல் சீசன் என்று பெரிய தயாரிப்பாளர்கள் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். பல ஊர்களில் பகல் காட்சிக்கு ஈ ஓட்டினார்கள். அசோக் நகர் உதயம் தியேட்டரை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்ற செய்தியும் அந்தப் பிப்ரவரியில்தான் வந்தது.

நடுவில் மூச்சுவிட வைத்தது ஒரு மலையாளப் படம். பிப்ரவரி 22இல் வெளியான ‘மஞ்சும்மல் பாய்ஸ்’. கொடைக்கானல் குகைக்குள் விழுந்த நண்பனை மீட்கும் கதை. அதன் உச்சத்தில் 1991இன் ‘குணா’ படப் பாட்டு ஒலித்ததும் தமிழ்நாட்டு அரங்குகளில் மொத்தக் கூட்டமும் கூடவே பாடியது. முப்பது வருடப் பழைய பாட்டை இருட்டில் முன்பின் தெரியாத இருநூறு பேரோடு சேர்ந்து பாடுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை அந்தப் படம் ஊருக்கே காட்டிவிட்டது. ‘கில்லி’க்கு நடந்ததன் முன்னோட்டம் என்றுகூட அதைச் சொல்லலாம்.

மறுவெளியீடு நமக்குப் புதிதல்ல. எம்.ஜி.ஆர். படங்கள் தேய்ந்த பிரிண்ட்டோடு மதுரையிலும் மற்ற ஊர்களிலும் பத்தாண்டுக் கணக்கில் சுற்றியவை. 2012 மார்ச்சில், 1964ஆம் ஆண்டின் ‘கர்ணன்’ மெருகேற்றப்பட்டு வந்து சென்னையில் நூறு நாளைத் தாண்டியது. ஆனால் ஃபிலிம் காலத்தில் பழைய படத்தை மறுபடி இறக்குவது என்றால் ஊருக்கு ஒரு பிரிண்ட் போட வேண்டும். போட்ட காசு திரும்புமா என்ற பயத்திலேயே பல யோசனைகள் செத்துப்போகும். டிஜிட்டல் வந்தபின் அந்தப் பயம் போயிற்று. படம் பூட்டுப் போட்ட கோப்பாக வருகிறது. எந்தத் திரையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓட்டலாம் என்பதை ஒரு சாவி தீர்மானிக்கிறது. கூட்டம் வந்தால் சாவியை நீட்டிக்கொள்ளலாம், வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை. 2022 ஆகஸ்டில் மகேஷ் பாபு பிறந்தநாளுக்கு ‘போக்கிரி’யை மறுபடி திரையிட்டுத் தெலுங்குக்காரர்கள் இந்த வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ரஜினியின் ‘பாபா’ புதிதாக எடிட் செய்யப்பட்டு வந்தது. 2023இல் ‘வேட்டையாடு விளையாடு’, ‘ஆளவந்தான்’. ‘கில்லி’ தயாரிப்பாளர் ஏ.எம்.ரத்னம் படத்தை 4கே தரத்துக்கு மாற்றி வெளியிட்டது இந்த வரிசையில்தான். அந்த வரிசையில் வேறு எதற்கும் இல்லாத கூட்டம் இதற்கு வந்தது.

உள்ளே நடந்தது

நான் பார்த்தது புறநகரில் ஒரு ஒற்றைத் திரை அரங்கில், ஞாயிறு மாலைக் காட்சி. வாசலில் பேனர், பால், தேங்காய் எல்லாம் இருந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எந்தப் பெரிய நடிகர் படத்துக்கும் அதே கூத்துத்தான். எனக்கு வியப்பாக இருந்தது கூட்டத்தின் கலவை. முதல்நாள் முதல் காட்சி என்பது நம் ஊரில் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் ராஜ்ஜியம். இங்கே கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வந்திருந்தார்கள். என் வரிசையில் ஒரு தம்பதி, நடுவில் ஏழெட்டு வயதுப் பையன். படம் வந்தபோது அவர்கள் கல்லூரியில் இருந்திருப்பார்கள், பையன் பிறந்திருக்கவே மாட்டான். ஆனால் வசனம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

மதுரைக் காட்சி. வில்லன் முத்துப்பாண்டியை வேலு அடித்துவிடுகிறான். அடித்தது யாரை என்று தெரிந்ததும் கழுத்தில் கத்தியை வைக்கிறான். புதுப்படமாக இருந்தால் இந்த இடத்தில் அரங்கம் அடி விழுந்த பிறகு கத்தும். இங்கே அடி விழுவதற்கு முன்பே கத்தியது. திரையில் விஜய் இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறார், கீழே விசில் காதைக் கிழிக்கிறது. கை ஓங்கும்போது கூச்சல் உச்சத்தில் இருந்தது, அடி விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவே இல்லை. முத்துப்பாண்டியாக வரும் பிரகாஷ்ராஜ் “செல்லம்” என்று வாயெடுக்கும் முன்பே அறுநூறு பேர் அதைச் சொல்லி முடித்துவிட்டார்கள். அவர் உதடு பின்னால் வந்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டது போலிருந்தது.

அதேபோல், வீட்டுக் காட்சிகள். போலீஸ் அதிகாரி அப்பா கீழே இருக்க, ஊரே தேடும் பெண்ணை மாடியில் தன் அறையிலேயே ஒளித்துவைத்திருப்பான் வேலு. தங்கை புவனா எதையோ மோப்பம் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். டிவியில் பார்க்கும்போது இந்தக் காட்சிகளில் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். தியேட்டரில் அவற்றுக்குக் கிடைத்த சிரிப்பு சண்டைக்குக் கிடைத்த விசிலுக்குக் குறைந்ததில்லை. ‘ஓட்டேரி நரி’ தாமு வந்தாலே ஒரு அலை எழுந்தது. வீட்டில் தனியாகப் பார்க்கிற மனிதன் லேசாகப் புன்னகைத்துவிட்டுக் கடந்துபோகும் வசனத்துக்கு, பக்கத்தில் ஒருவர் சிரித்தால் நாமும் சிரிக்கிறோம், நம் சிரிப்பைக் கேட்டு அடுத்த வரிசை சிரிக்கிறது. நகைச்சுவைக் காட்சிதான் தியேட்டர் இல்லாவிட்டால் அதிகம் நஷ்டப்படுகிறது என்று எனக்குப் படுகிறது. பிரம்மாண்டக் காட்சியைப் பெரிய டிவி ஓரளவு ஈடுகட்டிவிடும், அறுநூறு பேர் சிரிப்பைக் கடையில் வாங்க முடியாது.

‘அப்படிப் போடு’ வந்தபோது படம் பார்ப்பது நின்றுபோனது. திரைக்குக் கீழே இருக்கும் இடைவெளி நிறைந்து, நடைபாதை நிறைந்து, இருக்கைகளின் மேலும் ஆட்கள். தூக்கிய விரல்களில் முந்தாநாள் வைத்த தேர்தல் மை. ஆபரேட்டர் அறையைப் பார்த்து “ஒன்ஸ்மோர்” என்று ஆரம்பித்தது, அடுத்த காட்சியின் வசனங்கள் மூழ்கும்வரை ஓயவில்லை. கடைசியில் பாட்டு திரும்ப வந்தது. வித்யாசாகர் மெட்டு, பா.விஜய் வரிகள். அனுராதா ஸ்ரீராமோடு அதைப் பாடிய கே.கே. 2022இல் போய்ச் சேர்ந்துவிட்டார். ‘அர்ஜுனரு வில்லு’ பாடிய மாணிக்க விநாயகமும் இல்லை. குரல்கள் மட்டும் அந்தப் பழைய ஸ்பீக்கர்களை உலுக்கிக்கொண்டிருந்தன.

சொல்லப்பட்ட காரணங்கள்

வேறு படம் இல்லை, அதனால் வந்தார்கள் என்றார்கள். பாதி உண்மை. வேறு படம் இல்லாததால் திரைகள் கிடைத்தன, அது சரி. ஆனால் திரை கிடைப்பது வேறு, இருக்கை நிரம்புவது வேறு. அதே வாரங்களில் இன்னும் சில பழைய படங்களும் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றில் காற்றாடியது.

விலை மலிவு என்றார்கள். சில அரங்குகள் மறுவெளியீட்டுக்கு விலையைக் குறைத்து விற்பது உண்மைதான். ஆனால் சென்னை மல்டிபிளக்ஸ்களில் வரியோடு சேர்த்து 190 ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்துப் புதுப்படம் பார்த்துப் பழகிய அதே கூட்டம்தான் இதற்கும் வந்தது. அது போக வண்டி நிறுத்தம், பாப்கார்ன். வீட்டில் இலவசமாகக் கிடைப்பதோடு ஒப்பிட்டால் எந்த விலையுமே மலிவு ஆகாது.

அரசியல் என்றார்கள். இது கொஞ்சம் கனமான காரணம். 2024 பிப்ரவரி 2இல் விஜய் தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கினார், ஒப்புக்கொண்ட படங்களை முடித்துவிட்டு சினிமாவை விடப்போவதாகவும் அறிவித்தார். இனி இவரை இப்படிப் பார்க்கும் வாய்ப்பு சில தடவைதான் என்ற எண்ணம் ரசிகர்களுக்குள் இருந்திருக்கும். ஒரு பிரிவுபசார விழாவின் சாயல் அந்த அரங்கில் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் விஜய் நடித்த எந்தப் பழைய படத்தைப் போட்டாலும் இதே கூட்டம் வருமா? ரசிகர் பட்டாளம் முதல் இரண்டு காட்சிகளை நிரப்பும். இரண்டாவது வாரத்து மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு வருகிறவரைக் கட்சி கூட்டிவருவதில்லை.

பெரிய திரை, பெரிய ஒலி என்றார்கள். திரையுலகினருக்கு மிகப் பிடித்த பதில் இது, எனக்கு மிகக் குறைவாக நம்பிக்கை தரும் பதிலும் இதுதான். 4கே ஆக்கினாலும் ‘கில்லி’ 2004இல் எடுத்த படம். அதன் அழகு அதன் வேகத்தில் இருக்கிறது, காட்சி விஸ்தாரத்தில் இல்லை. நான் பார்த்த அரங்கின் ஒலி, நேர்மையாகச் சொன்னால், சுமார். வசனத்தில் பாதி கேட்கவில்லை. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. துல்லியத்துக்காக வந்திருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே சண்டை வந்திருக்கும்.

பழைய நினைவு என்றார்கள். 2004இல் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஆடியவர்களில் பெரும்பாலானோருக்கு அப்போது வயது மூன்றோ நாலோ, சிலர் பிறக்கவே இல்லை. அவர்களுக்குத் தியேட்டரில் ‘கில்லி’ என்ற நினைவே கிடையாது. இல்லாத நினைவுக்கு எப்படி ஏங்க முடியும்?

டிவி செய்த ஒத்திகை

அங்கேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ‘கில்லி’ ஒரு வீட்டுப் படம். விளம்பர இடைவேளையோடு, அம்மா நடுவில் கூப்பிட, பாதியில் பார்த்து, அடுத்த வாரம் மறுபாதி பார்த்து வளர்ந்த படம். இருபது வருடம் அப்படிப் பார்த்ததில் வசனம், பின்னணி இசை, எந்த இடத்தில் யார் திரும்புவார் என்பது எல்லாம் மனப்பாடம். பிறகு மீம்கள் வந்தன. முத்துப்பாண்டியின் முகபாவங்கள் வாட்ஸ்அப்பில் அன்றாடப் பேச்சாகவே ஆயின. ஆனால் இந்த மனப்பாடத்தை ஒப்பிக்க மேடை இல்லை. வீட்டுக் கூடத்தில் ஒருவர் கத்தினால் பைத்தியம் என்பார்கள். அறுநூறு பேர் ஒரே இடத்தில் ஒரே நொடியில் கத்தினால் அது திருவிழா.

தியேட்டரைக் கொன்றுவிடும் என்று முப்பது வருடமாக நாம் பயந்த தொலைக்காட்சிதான் இந்த விஷயத்தில் தியேட்டருக்கு ஆள் தயார்செய்து அனுப்பியிருக்கிறது. நான் சொல்லவருவது இவ்வளவுதான்: அந்த ஞாயிற்றுக்கிழமை விற்பனையானது தெரிந்ததைச் சேர்ந்து சொல்லும் வாய்ப்பு. தெருக்கூத்தில் கர்ணன் சாவான் என்று தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். கதை தெரிந்திருப்பது அங்கே குறையாக இருந்ததே இல்லை. கதை தெரியக் கூடாது என்பது விமர்சகர்களும் ஓடிடி விளம்பரங்களும் பின்னால் கொண்டுவந்த ஆசாரம்.

இப்படிப் பார்த்தால் எந்தப் பழைய படம் மறுபடி ஓடும் என்பதற்கும் ஒரு கணக்குக் கிடைக்கிறது. நல்ல படமா என்று கேட்டுப் பயனில்லை. மரியாதைக்குரிய படங்கள் பல மறுவெளியீட்டில் இரண்டாம் நாளே படுத்துவிடும். அவற்றை நாம் மதிக்கிறோம், ஆனால் ஒரு வரிகூட வாயில் வராது. கேட்க வேண்டியது, கூட்டம் கூடவே சொல்லக்கூடிய படமா என்பது. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ சென்னை மல்டிபிளக்ஸ் ஒன்றில் வருடக்கணக்கில் தினமும் ஓடியது. அதில் அடிதடி விசில் இல்லை, ஆனால் ஏ.ஆர்.ரஹ்மானின் எல்லாப் பாட்டும் வந்தவர்களுக்கு மனப்பாடம். அரங்கம் முனகிக்கொண்டே பார்க்கும்.

எல்லோருக்கும் அல்ல

இந்தக் கவர்ச்சிக்கு விலை உண்டு, அதைக் கொடுப்பவர் எப்போதும் அனுபவிப்பவர் அல்ல. எனக்கு மூன்று வரிசை முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இருக்கைமேல் நின்றவர்களின் முதுகைத்தான் அவர் முக்கால்வாசிப் படம் பார்த்தார். இடைவேளையில் பேசாமல் எழுந்து போனவர் திரும்பவில்லை. அமைதியாகப் படம் பார்ப்பதும் தியேட்டரின் கவர்ச்சிதான். கைபேசியை அணைத்து, இரண்டரை மணிநேரம் வேறு எதுவும் செய்ய வழியில்லாமல் ஒரு கதைக்குள் அடைபட்டுக் கிடப்பது இன்றைக்கு வேறு எங்கேயும் கிடைக்காத சொகுசு. அதற்கு ‘கில்லி’ மறுவெளியீடு சாட்சி சொல்லாது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதால்தான் ‘தியேட்டர் அனுபவம்’ என்ற பேச்சு எங்கும் போய்ச் சேர்வதில்லை.

அரங்கு உரிமையாளர்களின் பாடும் இருக்கிறது. 2023 அக்டோபரில் ‘லியோ’ டிரெய்லரைத் திரையிட்ட சென்னை அரங்கு ஒன்றில் ரசிகர்கள் இருக்கைகளைத் துவம்சம் செய்த படங்களை நாடே பார்த்தது. அதற்கு முன் 2023 ஜனவரியில் ‘துணிவு’ அதிகாலைக் காட்சிக்கு வந்த இளைஞர் ஒருவர் தியேட்டர் வாசலில் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதிகாலைக் காட்சிகளுக்குக் கட்டுப்பாடு வந்து, முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்றானது அதன் பிறகுதான். மறுவெளியீட்டில் அந்த வெறி கொஞ்சம் தணிந்திருக்கிறது. யார் முதலில் பார்ப்பது என்ற போட்டி இல்லை. போட்டி இல்லாத கூட்டத்துக்குள் பெண்களும் குழந்தைகளும் துணிந்து வருகிறார்கள். என் வரிசைப் பையன் எழுந்து ஆடியபோது அவன் அம்மா தடுக்கவில்லை, கைப்பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அவரும் எழுந்தார்.

பிறகு வந்தவை

‘கில்லி’ கல்லா கட்டியதும் எல்லோரும் பீரோவைத் திறந்தார்கள். மே 1இல் அஜித் பிறந்தநாளுக்கு ‘தீனா’, ‘பில்லா’. பிறகு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பழைய படங்கள். பல வந்த சுவடு தெரியாமல் போயின.

தப்பிப் பிழைத்தவற்றில் என் வாதத்துக்கு வலு சேர்ப்பது ‘சச்சின்’. 2005 தமிழ்ப் புத்தாண்டுக்கு அது ‘சந்திரமுகி’யோடு மோதியது. அந்த மோதலில் எது ஊரைப் பிடித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு வருடக்கணக்கில் டிவியில் ஓடி ஓடி, பாட்டும் வடிவேலுவும் ஊர்ப்பட்ட பேருக்குப் பிடித்துப்போய், 2025 ஏப்ரல் 18இல் திரும்பி வந்தபோது அரங்குகள் நிரம்பின. முதல் தடவை தியேட்டரில் கிடைக்காத வரவேற்பை வீடு வழியாகச் சுற்றிவந்து வாங்கிய படம் அது.

இடிக்கும் உதாரணம் ‘படையப்பா’. 1999 படம். 2025 டிசம்பர் 12, ரஜினிகாந்தின் 75ஆவது பிறந்தநாளுக்குத் திரும்ப வந்து கொண்டாடப்பட்டது. மக்கள் இதைத் தியேட்டரில்தான் கொண்டாட வேண்டும் என்பதற்காகவே ஓடிடிக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததாக ரஜினியே சொன்னார். ‘கில்லி’யைப் போல வீட்டில் அரைபட்ட படமில்லை, எளிதில் கிடைத்த படமுமில்லை. அப்படியானால் கிடைக்காமல் வைத்திருப்பதும் கூட்டத்தைக் கூட்டுமா? அதன் வில்லி நீலாம்பரியின் வசனங்கள் படம் இல்லாமலேயே இருபத்தைந்து வருடம் மிமிக்ரி மேடைகளிலும் மீம்களிலும் புழங்கின என்று நான் சமாதானம் சொல்லலாம். ஒத்திகைக்கு முழுப்படம் தேவையில்லை, துண்டுகள் போதும் என்றும் வாதாடலாம். ஆனால் ரஜினியைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கணக்கு ஒத்துவருமா என்பதை, இன்னொரு நடிகர் தன் படத்தை இருபது வருடம் பூட்டிவைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எந்தத் தயாரிப்பாளரும் அதற்குச் சம்மதிக்கப்போவதில்லை.